ஆத்தாளிடம் விட்ட தீர்மானம்

எட்டாம் வகுப்போடு எங்கள் ஊரில் படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் சென்னிமலைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து ஊரான ஊஞ்சக்காட்டுவலசு வழியாகப் போகிற டவுன் பஸ் காலையில் ஒன்று, இருட்டு கட்டினபின் ஒன்று. மழை பெய்தால் இரண்டும் வராது. கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு கவலையே இல்லை. டை கட்டிக்கொண்டு பெருந்துறை மெட்ரிக் பள்ளிக்கூட வேனில் ஏறிவிடுவார்கள். காலனிப் பையன்கள் எட்டு முடித்ததும் தறிக்குப் போவார்கள், பெண்பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. சட்டமாகப் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

என் பெயர் கோவிந்தராஜுலு, ஊர் வாய்க்கு நாயுடு. பேரூராட்சி ஆபீசுக்கு நேர் எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் மனு கொடுத்தாலும் என் மிஷின் வழியாகத்தான் போகும். அதனால் ஊர் நியாயம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். தெரிந்து என்ன கண்டாய் என்று கேட்டால், வயிற்றெரிச்சலைத்தான் கண்டேன்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஒன்பதாவது வார்டைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். தலைவர் பதவிக்கு நின்ற ஆறுச்சாமிக் கவுண்டர், தன் தோட்டத்தில் பண்ணையம் பார்க்கும் மாசாணத்தின் பெண்சாதி பழனியாத்தாளை அந்த வார்டில் நிறுத்தினார். வாயில்லாப் பூச்சி, காட்டின இடத்தில் கையெழுத்துப் போடும் என்பது அவர் நினைப்பு. நினைப்பில் பாதி சரிதான். பழனியாத்தாள் கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனால் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடும் முன்னால் மேலே எழுதியிருப்பதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போடுவாள். அவள் படித்து முடிக்கும்வரை பதினான்கு மெம்பர்களும் டீயை ஆற விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். கவுண்டர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவர் யாரிடமும் முகம் சுளிக்கிறவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூற்றேழு கடைசியில் தலைமையாசிரியர் சாமுவேல் ஒரு செய்தியோடு என் கடைக்கு வந்தார். மதுக்கரைக்காரர். அப்பா சிமென்ட் ஆலையில் மூட்டை சுமந்து இவரைப் படிக்க வைத்தவர். நடுநிலைப் பள்ளிகளை உயர்நிலைப் பள்ளிகளாக ஆக்குவதற்கு ஊர்களிடம் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்களாம். ஊர் செய்ய வேண்டியது இரண்டு. பங்குத் தொகை கட்ட வேண்டும், இடம் கொடுக்க வேண்டும். பங்குத் தொகையைச் சாமுவேல் எப்படியோ ஒரு மில்காரரைப் பிடித்துச் சரிக்கட்டியிருந்தார். இடத்துக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டி மெயின் ரோட்டோரம் மூன்று ஏக்கருக்கு மந்தைப் புறம்போக்கு கிடந்தது. ஊர் மாடுகள் நின்ற இடம். மாடுகள் போய் வெகுநாளாகிச் சீமைக்கருவேல்தான் நின்றது. அதைப் பள்ளிக்கூடத்துக்கு விடுகிறோம் என்று பேரூராட்சி ஒரு தீர்மானம் போட்டுப் பங்குனிக்குள் அனுப்பினால், ஆனி மாதம் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிடலாம்.

முதலில் பழனியாத்தாளிடம்தான் இதைச் சொன்னோம். அவளுடைய மகள் இனியா அந்த வருஷம் எட்டாவது. அந்தப் பெயரை வைத்தவரே சாமுவேல்தான். டைப் அடிக்கையில் கெட்டுப்போன தாள்களை என் கடையில் வாங்கிப் போய்ப் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிற பிள்ளை. ஒரு தடவை தாள் இல்லை என்றதற்கு, "நல்லா அடிச்ச தாள்ல ஒண்ணைக் கெடுத்துப்போடுங்களேன்" என்று கேட்டது. அந்த வாய் தாயிடமிருந்து வந்ததில்லை.

சாமுவேல் சொல்லி முடித்ததும் பழனியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், அந்தத் தீர்மானத்தைத் தன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். முடியும், மெம்பர் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், பதினைந்து பேரில் எட்டுப் பேர் சரி என்றால் தீர்ந்தது என்றேன். எட்டுப் பேர்தானா என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வாயில்லாப் பூச்சி அந்த மாதம் முழுவதும் நடந்தது. காட்டு வேலை முடித்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு மெம்பர் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். டீக்கடை பங்காரு சரி என்றார். தறிக்காரர்கள் இரண்டு பேரும், செருப்புக்கடைக்காரரும் சரி என்றார்கள். கவுண்டர்களிலேயே இரண்டு பேர், வேன் பீஸ் கட்டி மாளவில்லை, உள்ளூரில் பத்தாவது வந்தால் நல்லதுதான் என்றார்கள். அவளோடும் காலனியின் இன்னொரு மெம்பரோடும் சேர்த்து எட்டு. ஒவ்வொரு பெயராக என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவாள். நானும் பைத்தியக்காரன் மாதிரி நம்பினேன்.

கவுண்டருக்கு அந்த இடத்தின் மேல் வேறு யோசனை. பெருந்துறையில் தொழிற்பேட்டை வருகிறது என்ற பேச்சுக் கிளம்பி எங்கள் பக்கம் காடெல்லாம் சைட்டாகிக்கொண்டிருந்த நேரம். மந்தைக்குப் பின்னால் கவுண்டரின் மைத்துனர் தன் சோளக்காட்டில் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, செல்லாண்டியம்மன் நகர் என்று பலகை வைத்திருந்தார். முன்னால் சீமைக்கருவேல் நின்றால் சைட்டை யார் வாங்குவார்கள்? பள்ளிக்கூடம் வந்தால், அதுவும் காலனிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் வந்தால், இன்னும் மோசம். மந்தையைக் கடைவீதி என்று வகை மாற்றி, வரிசையாகக் கடை கட்டிப் பக்கத்தில் பஸ் நிற்க இடம் விட்டால், பின்னால் உள்ள காடு பொன்னாகிவிடும். இதில் எதையும் கவுண்டர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊர் வளர்ச்சி என்பார்.

தை மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. எதிர்க்கடைக்காரன் என்ற உரிமையில் நான் ஜன்னலோரம் நின்றேன். எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள். கவுண்டர் நிதானமாகப் பேசினார். பள்ளிக்கூடம் வேண்டாமென்று எவன் சொல்வான், தானும் அங்கே படித்தவன்தானே என்றார். ஆனால் பேரூராட்சிக்கு வருமானம் எங்கே இருக்கிறது, தெருவிளக்குக்குக் கரண்ட் பில் கட்டவே தாளம் போடுகிறோம், பள்ளிக்கூடம் செலவு, கடை வரவு, கடை வாடகை வந்தால் அதிலேயே பள்ளிக்கூடத்துக் கூரை ஓட்டை மாற்றலாமே என்றார். கேட்கக் கேட்க எனக்கே நியாயமாகத்தான் பட்டது. அவர் பேச்சில் உள்ள கோளாறே அதுதான்.

பழனியாத்தாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, எங்கள் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுபோகின்றன, இடம் கிடைத்தால் பத்தாவது வரை படிக்கும், இந்த ஒன்றை மட்டும் செய்துகொடுங்கள் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. செயல் அலுவலர் வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர். சரி, ஓட்டுக்கு விட்டுவிடலாம், ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஒரு கையும் எழவில்லை.

எங்கள் ஊர்ச் சபையில் யாரும் கை தூக்கினதில்லை. தலைவர் சொல்வார், மற்றவர்கள் "செரிங்க" என்பார்கள், 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டு எழுந்துபோவார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது எங்களுக்கு வராத வித்தை. வேண்டாத உறம்பரை வீட்டுக்கு வந்தால்கூட இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு அப்புறம்தான் திட்டுவோம்.

கவுண்டர் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தார்.

"கை தூக்கறதுன்னு வந்துபோட்டா, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கோணுமல்லங்க. செரி, தூக்கறவிங்க தூக்குங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க."

பங்காரு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். அவர் டீக்கடை நிற்பது கவுண்டரின் கட்டடத்தில். தறிக்காரர் ஒருவர் வர்க்கித் தூளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பழனியாத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாசல் வாசலாகப் போய்ச் சேர்த்த எட்டும் தன் கண் முன்னால் கரைவதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் அவள் சும்மா இருந்திருக்கலாம். செயல் அலுவலர் இன்னொரு தடவை கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"ஏனுங்க சாமி, நம்மளுக்குள்ள எதுக்குங்க? ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுப்போடலாமுங்க. ஆத்தா என்ன சொல்றாளோ அதுக்கு நானுங் கட்டுப்படறனுங்க."

அறை மொத்தமும் மூச்சு விட்டது. மெம்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் அதுதான் சரி என்றார்கள். கவுண்டர் கைகூப்பிவிட்டார். ஆத்தாளுக்கு மேல் நாம் யார் என்றார். செயல் அலுவலருக்கு ஒன்றும் புரியவில்லை. 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கிணறு வெட்டுவதென்றாலும் பெண் எடுப்பதென்றாலும் செல்லாண்டியம்மனிடம் பூ கேட்பார்கள். பூசாரி ஒரு வெள்ளரளிப் பூவை நீரில் நனைத்து அம்மன் தலையில் வைத்துக் காரியத்தைச் சொல்லிக் கேட்பார். வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. விழாமல் தலையிலேயே நின்றால் ஆத்தாள் இன்னும் உத்தரவு தரவில்லை, காத்திருக்க வேண்டும் என்று பொருள். பூ நிற்கிற காரியத்தை எங்கள் ஊரில் எவனும் தொடமாட்டான். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினவன்கூடத் தொடமாட்டான்.

அந்தக் கோயிலுக்குள் காலனிக்காரர்கள் போவதில்லை. மதிலுக்கு வெளியே, சாக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். அங்கே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சாமுவேல் வாத்தியார் அன்று மாலை என் கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இந்த அம்மா ஏன் இப்படிச் செய்தாள், சபையில் அவளுக்கு ஒரு நாற்காலியாவது இருந்தது, அங்கே முடிகிற காரியத்தைத் தனக்கு நிற்க இடமில்லாத வாசலுக்கு ஏன் கொண்டுபோனாள் என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் பழனியாத்தாளிடமே கேட்டேன். அவள் ரொம்பத் தெளிவாக இருந்தாள். மனுஷர்கள் கவுண்டருக்குப் பயப்படுவார்கள், ஆத்தாள் பயப்படுவாளா என்று திருப்பிக் கேட்டாள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூ கேட்டார்கள். நான் உள்ளே நின்றேன். திரை விலகியதும் எல்லோரும் ஆகா என்று கும்பிட்டார்கள். அம்மனுக்கு முழுச் சந்தனக் காப்பு. தலை முதல் பாதம்வரை விரல்கனத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. அன்றைய பூசைச் செலவுக் கட்டளை கவுண்டரின் வீட்டுக்காரம்மா காளியாத்தாளுடையது. நல்ல காரியம் கேட்கிற நாளில் ஆத்தாளை அலங்காரமாகப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டார்களாம். பூசாரி பாலுசாமி பூவை நனைத்தார். ஈரச் சந்தனத்தின் மேல் வைத்தார். மந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு விடலாமா தாயே என்று உரக்கக் கேட்டார்.

பூ நின்றது. விளக்கில் எண்ணெய் தீர்ந்து இன்னொரு தரம் ஊற்றினார்கள். பூ அப்படியே நின்றது. சேற்றில் நட்ட நாற்று எங்கே போகும்?

வெளியே வந்து பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனியே நின்றது. பழனியாத்தாள் தலைக்கு மேலே கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விரதமிருந்து ஈரச் சேலையோடு வந்திருந்தாள். பக்கத்தில் இனியா கண்ணைத் திறந்து கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆத்தாள் யோசனையில் இருக்கிறாள், அடுத்த அமாவாசைக்குக் கேட்போம் என்று பூசாரி வந்து சொன்னார். காலனிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த அமாவாசையும் வந்தது, சந்தனக் காப்பும் வந்தது, பூவும் நின்றது. பங்குனி முடிந்தது. சாமுவேல் ஈரோட்டுக்குப் போய்க் கல்வி அலுவலகத்தில் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டார். தீர்மானம் இல்லாமல் தவணை இல்லை, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார்களாம். காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செல்லாண்டியம்மனைக் கும்பிடாத கிறிஸ்தவர் அவர். ஊர் அம்மன்மேல் பழி போட்டார் என்று நாளைக்கு யாராவது கிளப்பிவிட்டால் பள்ளிக்கூடத்திலேயே இருக்க முடியாது. எங்கள் ஊருக்குப் பதில் வேறோர் ஊர் பட்டியலில் ஏறியது. மில்காரர் தன் பணத்தை அந்த ஊருக்குக் கட்டினார். அவரைக் குறை சொல்லி என்ன?

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் பழனியாத்தாளைக் கடை ஓரமாக நிறுத்தி, சந்தன விஷயத்தை உடைத்துச் சொன்னேன். ஈரச் சந்தனத்தில் பூ ஒட்டிக்கொள்ளும், வெறும் கல்லானால் நழுவும், இது தெரியாமலா காப்புச் செய்தார்கள், போய்ச் சபையில் கேள், உனக்காக நான் மனு அடித்துத் தருகிறேன் என்றேன். என்மேல் அவளுக்கு வந்த கோபம் கவுண்டர்மேல்கூட வந்ததில்லை.

"ஆத்தாளப் பத்தி அப்படிப் பேசாதீங்க நாயுடு. சந்தனம் இருக்கறது அவளுக்குத் தெரியாதுங்களா? பூவத் தள்ளோணும்னு அவ நெனச்சிருந்தா சந்தனமா தடுக்கும்?"

நம்பிக்கை இல்லாதவனை ஏமாற்றினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சட்டையைப் பிடிப்பான். நம்புகிறவளை ஏமாற்றினால் அவள் தன்மேலேயே குற்றம் கண்டுகொள்வாள். விரதத்தில் தான் என்ன தப்பு விட்டோம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காட்டில் வேலை செய்கையில் மறதியாக ஒரு கடலையை வாயில் போட்டுவிட்டாளாம். அதுவாக இருக்குமோ என்று சாமுவேல் வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

வைகாசியில் கவுண்டர் மறுபடியும் பூ கேட்டார். மந்தையில் கடைவீதி கட்டலாமா என்பது கேள்வி. அன்றைக்குக் காப்பு இல்லை, அலங்காரம் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின கல் கருகருவென்று மினுங்கியது. பூசாரி பூவை வைத்துக் கையை எடுத்ததும் அது வலப்பக்கம் வழுக்கி விழுந்தது. கேள்வியைக்கூட அவர் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அன்று அதிகப் பேர் இல்லை. பழனியாத்தாள் இருந்தாள். குலவைச் சத்தம் கேட்டதும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கூட்டம். மந்தைப் புறம்போக்கைக் கடைவீதியாக வகை மாற்றக் கோருவது என்று தீர்மானம். முன்மொழிந்தவர் தறிக்கார மெம்பர், பழனியாத்தாளுக்குச் சரி சொன்ன அதே ஆள். வழிமொழிய யார் என்று செயல் அலுவலர் கேட்டார். கவுண்டர் பழனியாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். குரலில் ஏளனம் துளியும் இல்லை, அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

"கேக்கச் சொன்னதே நம்ம அம்மணிதானுங்க. அவிங்களே வழிமொழிஞ்சா ஆத்தாளுக்கும் மரியாதை, ஊருக்கும் மரியாதைங்க."

புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார்கள். வழக்கம்போல ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். 'வணிகப் பயன்பாடு' என்ற இடத்தில் நின்று, திரும்ப ஒரு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஏகமனதாக நிறைவேறியது.

பள்ளிக்கூடத்துக் கூரை ஓட்டுக்கு என்று அந்த வருஷத் திட்டத்தில் ஒன்றும் ஒதுக்கவில்லை. கடை வாடகை வரட்டும், வந்ததும் பார்ப்போம் என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது பங்காரு கடையில் உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் என்னிடம் சத்தியம் செய்கிறார்கள். அன்றைக்கு இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் கட்டாயம் கை தூக்கியிருப்பேன் நாயுடு, அந்த அம்மாதான் அவசரப்பட்டுவிட்டாள் என்கிறார்கள். பங்காருவும் சொல்கிறார். தூக்கியிருப்பார்களா மாட்டார்களா என்று செல்லாண்டியம்மனைத்தான் கேட்க வேண்டும். எனக்கு ஒன்று மட்டும் தெரியும். ஒரு கூலிக்காரி நம் முகத்தைப் பார்த்து நம்ப முடியாமல் கல்லிடம் போனாள் என்றால், அது கல்லுக்குப் பெருமை இல்லை, நமக்குத்தான் கேவலம். இதைச் சொன்னதற்குப் பங்காரு அன்று எனக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால் சாமுவேலும் நானும் காலனிக்குப் போனோம். திங்கட்கிழமை முதல் இனியா பனியன் கம்பெனிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். சென்னிமலையில் சேர்த்துவிடலாம், பஸ் பாஸுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சாமுவேல் மன்றாடினார். மாசாணம் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடியே, வயசுக்கு வந்த பிள்ளையை இருட்டில் பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துவர ஆள் இல்லை, கம்பெனி வேன் என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள் என்றான். அரசு விடுதிக்கு எழுதிப் போட்டதற்கு இடம் இல்லை என்று பதில் வந்திருந்தது. சாமுவேல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பழனியாத்தாள் எங்களுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் இனியா பாவாடை தாவணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தது. கம்பெனியில் தாவணி கட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வாத்தியார் பேசுவதை அது காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. திடீரென்று, கோபமே இல்லாத குரலில், அம்மாவைக் கேட்டது.

"ஏம்மா, உன்னைய உள்ளயே உடாத ஆத்தாகிட்டயா போயி என்ர படிப்பக் கேட்டே?"

மாசாணம், "ஏ புள்ள" என்று அதட்டினான். இனியா அடங்கவில்லை. சபையில் பதினைந்து பேர் இருந்தார்களே, அங்கே உனக்கும் ஒரு ஓட்டு இருந்ததே, அதை ஏன் விட்டாய் என்றது. எனக்கும் சாமுவேலுக்கும் இத்தனை மாதமாக மனசை அரித்த கேள்வி அது. அந்தப் பிள்ளை கேட்டபோது, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பழனியாத்தாள் திரும்பவில்லை. அடுப்பை ஊதிவிட்டு, டீயை இறக்கி, இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒரு டம்ளரைச் சாமுவேலிடம் கொடுத்தாள், ஒன்றை என்னிடம் கொடுத்தாள். அப்புறம் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் மடித்து வைத்த தாவணியை எடுத்து மறுபடியும் ஒழுங்காக மடித்தாள்.

"அத்தன பேரு ஊட்டு வாசல்லயும் நின்னேன் கண்ணு. அன்னிக்குச் சபையில ஒருத்தராச்சும் என்ர மூஞ்சியப் பாத்தாங்களா? வேற ஆருகிட்டக் கேக்கறது, நாம?"

இனியா எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தது. அம்மாவுக்குச் சொல்ல எங்களிடமாவது ஒரு பதில் இருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. சாமுவேல் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் டீயைக் குடித்து முடித்தேன். வாரேனுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.